எந்தத் தேதிக்கு மீட்பது?

ரயில் பணிமனையைப் பார்க்க நாங்கள் பஸ்ஸில்தான் போனோம். பொறியியல் படித்த காலத்தில் ஒரு இண்டஸ்ட்ரியல் விசிட், சிதம்பரத்திலிருந்து திருச்சி பொன்மலைக்கு. விழுப்புரம் - மயிலாடுதுறை மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக்குவதற்காக மூடிப்போட்டிருந்தார்கள். 2010ல்தான் திரும்பத் திறந்தது. சிதம்பரம் ஸ்டேஷனில் அப்போது தண்டவாளமும் இல்லை, டிக்கெட் கொடுக்க ஆளும் இல்லை. விடிகாலையில் வாடகை பஸ் ஏறி, காட்டுமன்னார்கோயில், ஜெயங்கொண்டம், அரியலூர் என்று சுற்றிக்கொண்டு போனோம். ரெக்கார்டு நோட்டில் நாலு பக்கம் எழுதவேண்டும், திரும்பும்போது கல்லணையில் குளிக்கவேண்டும். எங்கள் திட்டம் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பணிமனைச் சுற்றுலாக்கள் சிலவற்றுக்குப் போயிருக்கிறேன், பலவற்றை வீடியோவில் பார்த்திருக்கிறேன். பழைய எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்துவது மட்டும் இப்போது அருங்காட்சியகங்களுக்குப் போதவில்லை. அதைப் பிரித்துச் சரிசெய்யும் இடத்தையும் பார்வையாளனுக்குத் திறந்துகாட்டுகிறார்கள். இங்கிலாந்தின் யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் பணிமனையை மேலிருந்து எட்டிப்பார்க்க ஒரு மாடமே கட்டியிருந்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இந்தச் சுற்றுலாக்களை ஒரு பிரதியாக வைத்து வாசித்துப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. கைடு பேசுவது ஒரு உரைநடை. அதற்குத் தொடக்கம் உண்டு, உச்சம் உண்டு, சிரிக்கவேண்டிய இடம் உண்டு, சொல்லாமல் தாண்டிப்போகும் இடங்களும் உண்டு. சிறுகதையை எப்படி விமர்சிப்போமோ அப்படி அதையும் விமர்சிக்கலாம் இல்லையா?

எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்களுக்கு இந்த வடிவம் புதிதில்லை. பிச்சாவரத்தில் படகு ஏறினால் துடுப்புப் போடுகிறவர் ஐந்தாவது நிமிடம் ‘இதயக்கனி’ ஷூட்டிங்குக்கு வந்துவிடுவார். எம்.ஜி.ஆர். எந்தக் கால்வாயில் வந்தார் என்பதில் படகுக்குப் படகு பாடபேதம் உண்டு. ஒவ்வொருவரும் தன் படகு நிற்கிற கால்வாயையே காட்டுவார்கள்.

பொன்மலையில் எங்களுக்கு இரண்டு கைடுகள் வாய்த்தார்கள். முதலாமவர் அதிகாரி. கையில் தாள் இல்லாமலே தடுமாறாமல் பேசினார். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920களின் கடைசியில் இங்கே மாறியது, நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் ஓவர்ஹாலுக்கு இங்கேதான் வருகின்றன, அந்த ரயில் 2005ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்று வரிசையாகச் சொன்னார். எக்ஸ் கிளாஸ் எஞ்சின், சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தது. நான்கு சிலிண்டர். இரண்டு சிலிண்டர் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். கல்லாறுக்கு மேலே ஏற்றம் தொடங்கியதும், அங்கே வேலை முடித்த அதே நீராவி மற்ற இரண்டு சிலிண்டருக்குப் போய், நடுவில் பதித்திருக்கும் பல்தண்டவாளத்தைக் கவ்வும் பல்சக்கரத்தைச் சுழற்றும். ஏறக்குறைய பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி ஏறும் பாதை. ஒருமுறை பயன்படுத்திய நீராவியைத் தூக்கிப்போடாமல் இன்னொருமுறை வேலை வாங்குவது எனக்கு அன்றைக்கே பிடித்துப்போனது. எங்கள் வீட்டில் சோறு வடித்த கஞ்சி போகாத இடமில்லை.

எல்லாமே சரியான தகவல்கள்தான். ஆனாலும் நான் கொட்டாவி விட்டேன். தகவல் நிறைய இருந்ததால் வந்த கொட்டாவி இல்லை அது. அவர் சொன்ன கதையில் எந்த இடத்திலும் எதுவும் உடையவில்லை. 1928 வேலைநிறுத்தம் அதில் இல்லை. அந்தப் போராட்டத்துக்காகச் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளிகள் செத்ததும் இல்லை. அவரைக் குறை சொல்லிப் பிரயோசனம் கிடையாது. ஒன்றரை மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள், நாங்களும் எதுவும் கேட்கவில்லை. எனக்கே அந்த இரண்டு தேதிகளும் வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான் தெரியவந்தன.

இரண்டாவது கைடு ஒரு ஃபிட்டர். கைடு என்று அவரை யாரும் அறிமுகப்படுத்தவில்லை. அதிகாரி போன் பேச ஒதுங்கியபோது, காட்டன் வேஸ்ட்டால் கையைத் துடைத்துக்கொண்டே எங்கள் பக்கம் வந்தார். எஞ்சின் முழுசாகப் பிரிந்து கிடந்தது. பாய்லர் ஒருபக்கம், சட்டகம் ஒருபக்கம், சக்கரங்களை இணைக்கும் ராடுகள் மரக்கட்டை மேல் வரிசையாக. “தம்பி, இங்க வாங்க, இத தொட்டுப் பாருங்க” என்று ஒரு ராடின் முனையைக் காட்டினார். அதில் பஞ்ச் வைத்து அடித்த எண் இருந்தது. பக்கத்தில் இன்னொரு எண், அதன் மேல் குறுக்கே ஒரு கோடு.

“இது வேற எஞ்சினோடது. அதுல கழட்டி இதுல போட்டாங்க. யாரு, எப்பன்னு எனக்குத் தெரியாது. ஆனா போட்டவன் பழைய நம்பர அழிக்கல பாருங்க. கோடுதான் போட்டிருக்கான்.”

நாங்கள் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தோம். அவர் அடுத்த ராடுக்குப் போனார். அதில் மூன்று எண்கள். எங்களில் ஒருவன், “அப்ப ஒரிஜினல் எது சார்?” என்று கேட்டான். அவர் யோசித்துவிட்டு, “ஒரிஜினல்னா எந்த வருஷத்து ஒரிஜினல்?” என்று திருப்பிக் கேட்டார். அதற்குள் அதிகாரி வந்துவிட்டார்.

தீசியஸின் கப்பலை இங்கே இழுத்துவரப் போவதில்லை, பயப்படவேண்டாம். பலகை எல்லாவற்றையும் மாற்றினால் அதே கப்பல்தானா என்ற கேள்வியை யூடியூப் தத்துவக்காரர்கள் வேண்டிய அளவுக்கு அரைத்துவிட்டார்கள். பணிமனையில் அந்தக் கேள்விக்குப் பெரிய மதிப்பும் இல்லை. ஓடும் எஞ்சினில் பாகம் மாறத்தான் செய்யும். ஃபிட்டர் கேட்டதுதான் உபயோகமான கேள்வி. பொருளின் வாழ்க்கையில் ஏதாவது ஒரு தேதியைத் தேர்ந்தெடுக்காமல் எந்தப் பொருளையும் மீட்கமுடியாது. அந்தத் தேதியை யார் தேர்ந்தெடுத்தார்கள், ஏன், அதற்காக எதையெல்லாம் கழற்றினார்கள் என்பதைச் சொல்கிறதா என்று பார்த்தாலே ஒரு சுற்றுலாவின் தரம் தெரிந்துவிடும்.

‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன்’ எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 1923ல் டொன்காஸ்டரில் செய்தது. 1934ல் மணிக்கு 100 மைல் தொட்டது. 1963ல் பிரிட்டிஷ் ரயில்வே அதை ஓய்வுபெறச் செய்து தனியாருக்கு விற்றது. கைமாறிக் கைமாறி 2004ல் யார்க் அருங்காட்சியகத்திடம் 23 லட்சம் பவுண்டுக்கு வந்துசேர்ந்தது. பத்து வருஷ வேலை, 42 லட்சம் பவுண்டு செலவு. 2016ல் அது திரும்ப ஓடியபோது ரசிகர்கள் கூட்டத்தில் ஒரு தரப்புக்கு வருத்தம். அவர்கள் மனசில் இருந்தது 1920, 30களின் வெளிர்பச்சை, 4472 என்ற எண். வந்து நின்றதோ அடர்பச்சையில் 60103. புகைபோக்கியின் இருபுறமும் பெரிய தகடுகள் வேறு. அதாவது ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்பு இருந்த கோலம். பொருத்தியிருக்கும் பாய்லர், புகைபோக்கியெல்லாம் அந்தப் பிற்காலத்தோடுதான் ஒத்துப்போகும் என்பது அருங்காட்சியகம் பக்க நியாயம். கல்யாண போட்டோவில் இருப்பதுபோல வேண்டும் என்பது ரசிகர்கள் பக்கம். எனக்கு முதல் தரப்புதான் சரியென்று படுகிறது. ஆனால் இதில் முக்கியம், அந்தச் சண்டை பொதுவில் நடந்தது. தேதி தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரியும்.

நம்மூரில் அந்தச் சண்டை நடந்த ஞாபகம் எனக்கு இல்லை. இத்தனைக்கும் சென்னை பெரம்பூர் லோகோ பணிமனைக்காரர்கள் செய்திருப்பது சாதாரண வேலை இல்லை. ‘ஃபேரி குயின்’, ‘எக்ஸ்பிரஸ்’ என்று இரண்டு எஞ்சின்கள், இரண்டும் 1855ல் லீட்ஸ் நகரில் கிட்சன் கம்பெனி செய்தவை. ஃபேரி குயின் 1909ல் ஓய்வுபெற்றது. பெரம்பூரில் சரிசெய்யப்பட்டு 1997ல் டெல்லி - ஆல்வார் இடையே ஓடத்தொடங்கியது. ஓடிக்கொண்டிருக்கும் மிகப் பழைய நீராவி எஞ்சின் என்று அடுத்த வருஷம் கின்னஸில் ஏறியது. எக்ஸ்பிரஸ் பல பத்தாண்டுகள் மேடைமேல் பொம்மையாக நின்றிருந்தது. 2010ல் அதையும் ஓடவைத்தார்கள். மேடையில் நின்ற காலத்தில் காணாமல்போன பாகங்களுக்குப் பதில் புதிதாகச் செய்துதான் ஓட்டமுடியும், செய்தார்கள். செய்தவர்களின் கையை நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் இந்த எஞ்சின்களைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் நாம் 1855 என்ற ஒரே எண்ணைத்தான் சொல்கிறோம். அந்த இரும்பில் எவ்வளவு 1855, எவ்வளவு 1997, எவ்வளவு 2010? புதிதாகச் செய்த பகுதியின்மேல் செய்த வருஷத்தைப் பொறித்துவைப்பது பாதுகாப்புத் துறையில் தெரிந்த வழக்கம்தான். பெரம்பூர் லேத்தில் கடைந்த ஒரு பாகத்தை 1855 என்ற ஒற்றை எண்ணுக்குள் மறைத்துவிடுவது, கடைந்தவருக்குச் செய்யும் அவமரியாதை என்றுதான் எனக்குப் படுகிறது.

பொன்மலைக்குப் போன பஸ் காட்டுமன்னார்கோயில் வழியாகப் போனதைச் சும்மா சொல்லவில்லை. தமிழில் தொலைந்ததை மீட்ட இரண்டு பெரிய கதைகளின் நாயகர்களும் அந்த வட்டாரத்துக்காரர்கள். நாலாயிர திவ்யப்பிரபந்தத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகளுக்குக் காட்டுமன்னார்கோயிலே ஊர். தேவாரத்தைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பிக்கு அருகில் திருநாரையூர். ஒரு டவுன் பஸ் தூரம்.

இரண்டு கதைகளையும் பணிமனைக் கதைகளாகப் படித்துப் பாருங்கள். நாதமுனி, ஆராவமுதன் மேல் பாடிய ஒரு பதிகத்தைக் கேட்கிறார். ஆயிரத்தில் இது பத்து என்று அதிலேயே குறிப்பு இருக்கிறது. மீதியைத் தேடிக் குருகூர் போகிறார். தவம்போல ஜபம். நம்மாழ்வாரே தோன்றி நாலாயிரத்தையும் தந்துவிடுகிறார். ஒரு ஆணிகூடக் குறையவில்லை, முழு எஞ்சினும் கிடைத்துவிட்டது. நம்பியின் கதை வேறு மாதிரி. சிதம்பரம் கோயிலில் பூட்டிய அறை. ராஜராஜன் வந்து திறக்கவைக்கிறான். உள்ளே ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருக்கிறது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்தால் மிச்சம் இருப்பது கொஞ்சம். அரசன் கலங்குகிறான். இந்தக் காலத்துக்கு வேண்டியதை வைத்துவிட்டு மற்றதைக் கரையானுக்குக் கொடுத்தோம் என்கிற அர்த்தத்தில் அசரீரி எழுகிறது.

அசரீரியின் சமாதானத்தை நான் நம்பவேண்டியதில்லை, எஞ்சியது எஞ்சவேண்டியதுதான் என்று சொல்வது எல்லா நிர்வாகங்களுக்கும் வசதியான வாதம். ஆனாலும் எனக்கு இரண்டாவது கதைதான் நெருக்கம். அது கரையானைக் கதைக்குள் வைத்திருக்கிறது. இழப்பு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டபிறகுதான் மீட்பைச் சொல்கிறது. அப்படி ஒப்புக்கொண்டதால்தானோ என்னவோ, பிற்பாடு தேடல் நின்றுபோகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில் சம்பந்தர் பதிகம் ஒன்று புதிதாகக் கிடைத்தது. வேறு ஷெட்டில் தேடிப்போய் ஒரு ராடு கிடைத்த மாதிரி.

உ.வே.சா. 1894ல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268 இரண்டு பாட்டுகளும் இல்லை. எண்களை நெருக்கி மூடி 398 என்று கணக்கை நேர்செய்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் இடத்தைக் காலியாக விட்டார். பாட்டுகளுக்குள் சிதைந்த வரிகளில் புள்ளி வைத்தார். இன்றைக்கும் 266 முடிந்து 269 வரும்போது மனசு ஒரு படி தவறிக் கால்வைக்கிறது. அந்தத் தடுமாற்றம் பதிப்பாசிரியர் நமக்குக் கொடுத்தது. நவீன இலக்கியத்திலும் இதற்கு எங்கள் ஊரிலேயே உதாரணம் உண்டு. புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில், 1906ல். ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000த்தில் வந்த ‘புதுமைப்பித்தன் கதைகள்’ தொகுப்பில் எந்தக் கதை எந்த இதழில் எப்போது வந்தது, புத்தகமானபோது எந்தச் சொல் மாறியது என்ற குறிப்புகள் பின்னால் இருக்கின்றன. கல்லூரி நாட்களில் அந்தப் பக்கங்களைப் புரட்டாமலே தாண்டிப்போனவன் நான். இப்போது சில நாள் கதையை விட்டுவிட்டு அவற்றை மட்டும் வாசிக்கிறேன். குறுக்கே கோடு போட்ட பழைய எண்கள் அவை.

இதில் தொழில் சார்ந்த ஒரு சாய்வு எனக்கு இருப்பதை ஒத்துக்கொள்கிறேன். என் வேலையின் பெரும்பகுதி யாரோ எழுதிவிட்டுப்போன பழைய கோடைப் பழுதுபார்ப்பது. ‘கிட் பிளேம்’ என்று ஒரு கட்டளை. ஒவ்வொரு வரிக்கும் நேராக எழுதியவர் பெயரையும் தேதியையும் காட்டும். பெயர்தான் பழிபோடுகிற மாதிரி இருக்கிறது, நான் பெரும்பாலும் நன்றியோடுதான் அதைத் தட்டுவேன். ஆறு வருஷத்துக்கு முன் ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு மாற்றிய வரி, கூடவே ஏன் மாற்றினார் என்று ஒரு குறிப்பு. வரலாற்றை அழித்துவிட்டுச் சுத்தமாகக் கொடுத்த கோடு கண்ணுக்கு அழகாக இருக்கும். கைவைத்தால் எங்கே உடையும் என்று தெரியாது.

சரி, கடலூர் - சிதம்பரம் பாதைக்கு வருவோம். 1870களின் பிற்பகுதியில் போட்ட மீட்டர் கேஜ் மெயின் லைன் அது. தனுஷ்கோடிக்குப் போன போட் மெயில் இந்த வழியாகத்தான் கடலூரையும் சிதம்பரத்தையும் தொட்டுப்போனது. என் சித்தப்பா விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்தவர். சென்னையிலிருந்து மின்சார எஞ்சினில் வரும் வண்டிக்கு விழுப்புரத்தில் எஞ்சின் மாற்றுவார்கள். அங்கிருந்து தெற்கே ஒய்.பி. நீராவி. நான் சின்ன வயதில் பார்த்ததெல்லாம் ஒய்.டி.எம். 4 டீசல்தான், நீராவியைச் சித்தப்பா வாயால் கேட்டதோடு சரி. 1992ல் ஒரே கேஜ் என்ற முடிவு வந்தது. ஒன்றுவிடாமல் மாறியது. இன்று தமிழ்நாட்டில் மீட்டர் கேஜில் பயணிகள் ரயில் ஓடுவது நீலகிரியில் மட்டும். மலையும் சுரங்கமும் பல்சக்கரமும் இருந்ததால் அது பிழைத்தது. சமதரையில் நெல்வயல் நடுவே லட்சக்கணக்கான ஜனங்களைச் சுமந்த பாதைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மீட்டர் கேஜ் என்றால் ஊட்டி பொம்மை ரயில் என்று நினைக்கும் தலைமுறை வந்துவிட்டது. அகலப்பாதை வந்தது தப்பென்று நான் சொல்லமாட்டேன், அதில்தான் மாதாமாதம் ஊருக்கு வந்துபோகிறேன். எதை மீட்பது என்று தேர்ந்தெடுக்கும்போதே ஒரு வரலாறு எழுதப்பட்டுவிடுகிறது என்பதுதான் என் உறுத்தல்.

இரும்பைப் பற்றிப் பேச எங்கள் மாவட்டத்துக்கு முறையாகவே உரிமை உண்டு. பரங்கிப்பேட்டையில் 1830களிலேயே ஹீத் என்ற வெள்ளைக்காரர் இரும்பாலை நடத்தினார். அங்கே உருக்கிய இரும்பு கப்பலேறி இங்கிலாந்து போனது, அங்கே பெரிய பாலங்களுக்குப் பயன்பட்டது என்றும் சொல்வார்கள். இன்று பரங்கிப்பேட்டையில் இறங்கி அந்த ஆலையைக் காட்டச் சொன்னால் யாரும் கைநீட்டமாட்டார்கள். அப்படி ஒரு இடத்துக்கு எந்தச் சுற்றுலா நடத்துவது?

நடத்தலாம் என்றுதான் நினைக்கிறேன். இல்லாததைக் காட்டும் சுற்றுலாவில் சிதம்பரத்தை மிஞ்ச ஆளில்லை. திரையை விலக்குவார்கள், தங்க வில்வமாலை தொங்கும், பின்னால் வெற்றுவெளி. காசு கொடுத்து வரிசையில் நின்று பார்த்துவிட்டு யாரும் ஏமாந்ததாகச் சொல்வதில்லை. பழைய லைன் எங்கே வளைந்தது, எந்த மதகு மீட்டர் கேஜ் காலத்தது, எது 2010க்குப் பக்கத்தில் கட்டியது என்று தெரிந்த ஒரு கேங்மேனோ பாயின்ட்ஸ்மேனோ கூட வந்தால், முதுநகர் ஜங்ஷனிலிருந்து சிதம்பரம் வரை காலியாகக் கிடப்பதையே ஒரு நாள் முழுக்கக் காட்டலாம். அந்த ஆட்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது. யாரும் இன்னும் கேட்டு எழுதிவைக்கவில்லை. சித்தப்பாவிடம் நானே இதுவரை உட்கார்ந்து கேட்டதில்லை, போனில் மாத்திரை சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்கிறேன்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போன ஊரில், ஸ்டேஷன் வாசலில் ஒய்.பி. எஞ்சின் ஒன்றை மேடைகட்டி நிறுத்தியிருந்தார்கள். கறுப்பு எனாமல் பெயிண்ட், சக்கர விளிம்புக்கு வெள்ளை, முன்னால் சிவப்பு. பித்தளை, இரும்பு என்று பார்க்காமல் மேலேயே அடித்திருந்தார்கள். வால்வு கைப்பிடிகள் இருந்த இடத்தில் தகடு. போர்டில் எஞ்சின் பெயரும் திறந்துவைத்தவர் பெயரும். சித்தப்பா ஒருசுற்று சுற்றிவந்தார். கதவுப்பக்கம் நின்று கரி அள்ளிப்போடுவதுபோல உடம்பைத் திருப்பினார், பிறகு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“சித்தப்பா, ராடுல நம்பர் இருக்கும் இல்ல?” என்றேன்.

“இருக்கும். இங்கதான் அடிச்சிருப்பாங்க” என்று சக்கரத்துப் பக்கம் குனிந்தார். பெயிண்ட் நாலைந்து கோட்டிங் இருக்கும், தடவினால் ஒன்றும் தெரியவில்லை. என் வீட்டுச்சாவியை வாங்கி மெதுவாகச் சுரண்டினார். கறுப்பு போய்ச் சாம்பல் வந்தது, அதற்கும் கீழே ஒரு பச்சை. ஒரு 2 தெரிந்தது. பக்கத்தில் 7ஆ 1ஆ என்று தெரியாத ஒரு கோடு. மூன்றாவது எழுத்தைத் தொடுவதற்குள் அந்தப் பக்கமிருந்து விசில் அடித்துக்கொண்டு காவலாளி வந்துவிட்டார்.

“பெரியவரே, கைவைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு, பார்க்கலையா?”

சித்தப்பா சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, “பார்க்கலீங்க” என்றார்.